திருச்சுழிப் பக்கம் ஒரு வேப்பங்காப்பு

பெண்கள் சிறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முட்டி வலி, எங்கும் போவதில்லை. போன மாசியில் பேச்சியம்மாள் போன் போட்டாள். "ஏழாம் மாசம்மா. நீங்க வந்தாத்தான் வளையலுக்குக் கை நீட்டுவேன்." கிளம்பிவிட்டேன்.

மதுரையில் காலை 6.40 பஸ். அருப்புக்கோட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம். இட்லியை விழுங்கிவிட்டு 8.20க்குத் திருச்சுழி பஸ். வழியெல்லாம் கொத்தமல்லி அறுப்பு வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பழசெல்லாம் வந்துவிட்டது.

பேச்சி எங்கள் சிறைக்கு விசாரணைக் கைதியாக வந்தபோது வயிற்றில் ஐந்து மாதம். வியாழன்தோறும் எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பேன். சத்து மாத்திரையை நாக்கடியில் ஒளித்துத் துப்புவாள், கள்ளி! குழந்தையின் துடிப்பை நான் எண்ணும்போது மட்டும் அறையே வாய்மூடிக் கிடக்கும். ஏழாம் மாதம் வளையல் கேட்டு அழுதாள். உள்ளே கண்ணாடி ஆகாதே. முற்றத்து வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பு போட்டேன். மற்றப் பெண்கள் குலவையிட்டார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

திருச்சுழியிலிருந்து நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பேச்சி வீட்டு வளைகாப்புக்கு என்றதும் ஓட்டுநர் சிரித்தார். "ரெண்டாம் பிள்ளைக்கு எங்கயாச்சும் வளைகாப்பு உண்டாம்மா? அந்தப் புள்ள ஒத்தக் கால்ல நிக்குதாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கு தள்ளுபடியாகி அவள் வெளியே வந்து ஆறு வருஷம். ஊரில் யாரும் ஜெயில் பேச்சை எடுப்பதில்லை, மகளுக்கே தெரியாது. நான் போய் நின்று அவள் மானத்தை வாங்கிவிடுவேனோ?

வீட்டுக்குள் நுழைந்ததுமே பேச்சியின் மாமியார் கேட்டேவிட்டார். "இவுக யாரு?"

"ஆஸ்பத்திரில பழக்கம்" என்று முழுங்கினேன்.

மணையிலிருந்து பேச்சி சொன்னாள். "ஏம்மா மறைக்கிறீக? ஜெயிலு நர்ஸம்மா இவுக. மூத்தவ வயித்துல இருக்கயில காப்பு போட்டவுக. இப்பயும் மொதக் காப்பு இவுகதான் போடணும்."

கூட்டம் மாமியார் முகத்தைப் பார்த்தது. வாசல் வேம்பில் ஒரு குச்சி ஒடித்து வளைத்துப் போட்டேன். முதல் குலவை மாமியாரிடமிருந்து வந்தது. அழுதுவிட்டேன், வேறென்ன செய்ய.

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். உங்கள் வீட்டுப் பெண் கர்ப்பமாகச் சிறையில் இருந்தால், பரிசோதனை அட்டையையும் ஸ்கேன் தாளையும் பார்க்கப் போகும்போதே சிறை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆட்டோ ஏறும்போது பேச்சியின் மகள் ஓடிவந்தாள். "நான் வயித்துல இருக்கயில என் நெஞ்சுச் சத்தம் கேட்டீகளாமே, எப்படி இருந்துச்சு?"

"குதிரை ஓடுற மாதிரி."

அவள் தெருப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே, நான் ஜெயிலுக்குள்ளயே குதிரை கணக்கா ஓடிருக்கேன்லே!"