தூக்குவாளி உட்கார்ந்த இடம்

ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிப் பெண்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், அதற்கு என்ன ஈடு கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பொருளாதாரம் படித்தவளுக்குக் கேட்க வேறென்ன இருக்கிறது? வீடு வீடாகக் கேட்டுச் சலித்துப்போய், ஒரு விடிகாலையில் கம்பம் ஊரில் அவர்களுடைய ஜீப்பிலேயே ஏறிவிட்டேன்.

மூச்சுவிட இடமில்லை. ஆனால் பெஞ்சில் ஒரு தூக்குவாளி மட்டும் ஓர் ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

"ஏம்மா, ஆளு இருக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்று பக்கத்திலிருந்த அக்கா சத்தம் போட்டாள்.

"ஆளா? எங்கீங்க்கா?" என்றேன். நான் சித்தூர்ப் பக்கத்துக்காரி. என் பேச்சைக் கேட்டு ஜீப்பே சிரித்தது. எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. ஆனாலும் எழுந்து, வாளியைத் திரும்ப வைத்துவிட்டுப் பின்படியோரம் ஒண்டிக்கொண்டேன்.

மலைப்பாதையில் ஏறும்போது அக்காவே மனமிரங்கி விவரம் சொன்னாள். அந்த இடத்துக்காரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். செலவுக்குக் கங்காணியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். வேலைக்கு வந்துகொண்டிருக்கும்வரை அது கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். நின்றுவிட்டால் மொத்தத்தையும் உடனே வைக்க வேண்டும். வைப்பதற்கு அவளிடம் இருப்பது குடியிருக்கும் வீடு ஒன்றுதான். அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் அவள் நின்றுவிட்டதாக அர்த்தம். அதனால் தினமும் ஒருத்தி அவள் வாளியில் சோறு போட்டுக் கொண்டுவந்து அங்கே வைக்கிறாள். வாளி மலையேறினால் அவளே வந்த மாதிரி. அவளுக்குக் கழிய வேண்டியதை மற்றவர்கள் தங்கள் கூலியில் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க கழிக்கிற காசுக்கு அவங்ககிட்ட எழுதி வாங்குனீங்களா?" என்றேன். பழக்க தோஷம்.

"எதுக்கு? அதான் வாளி வருதே" என்றாள்.

கையிலிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

குமுளியில் கங்காணி ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜார்கண்டிலிருந்து வந்தவள், தமிழ் ஒரு சொல் தெரியாது. "இன்னும் எத்தன நாளைக்கு வாளி வேல பாக்கும்?" என்று கேட்டபடி அதைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு, அவளை அங்கே உட்காரச் சொன்னார். என் கண்ணெதிரே ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது.

யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். "நீங்க ஓட்டிட்டுப் போங்கண்ணே, காய நீங்களே எடுங்க" என்றாள் அக்கா. பின்னால் நின்ற ஜீப்புகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கங்காணி முறைத்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் "ஏறித் தொலைங்க" என்றார்.

அவர் குனிவதற்குள் அந்தப் புதுப் பெண் குதித்திறங்கி வாளியை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். தனக்கு வேலை போயிற்று என்று நினைத்து நடக்கத் தொடங்கியவளை அக்கா கையைப் பிடித்து இழுத்துத் தன் காலடியில் உட்காரவைத்தாள். ஜீப் கிளம்பியது. வளைவு வரும்போதெல்லாம் வாளி சாய்ந்துவிடாமல் அந்தப் புதுப் பெண் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். யாரும் அவளிடம் பிடிக்கச் சொல்லவில்லை.