யானையின் வயிற்றில் ஒரு கோடு

யப்பான்காரன் குண்டுக்குப் பயந்து திருகோணமலையை விட்டுப் புறப்படவிருந்த ஓர்ஸ் ஹில் மேட்டு வீட்டுக்காரர் ஒருவர் சாமான்களை விற்றார்; நாங்களும் பார்க்கப் போனோம். அங்கிருந்த கண்ணாடி யானைப் பொம்மையில் என் கணவர் மயங்கிவிட்டார்.

"கையால செதுக்கின பளிங்குக் கண்ணாடி. உங்கட சைக்கிளைத் தந்தால் தாறன்," என்றார் வீட்டுக்காரர்.

"ஓம்," என்றுவிட்டார் கணவர்.

உப்புவெளியிலிருந்து துறைமுக வேலைக்கு அவர் அந்தச் சைக்கிளில்தான் போய்வந்தார். யானையைக் கையில் வாங்கித் தடவினேன். வயிற்றின் நடுவே மெல்லிய கோடு விரலில் தட்டியது. எங்கள் குசினியில் தண்ணீர் குடிக்கும் மலிவுக் கிளாஸ்களிலும் அதே கோடு உண்டு.

"ஐயா, இது அச்சில அமத்தி எடுத்தது. செதுக்கினதில இந்தக் கோடு வராது. சைக்கிள் தர ஏலாது," என்றேன்.

வீட்டுக்காரரும் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் கையால செதுக்கினதெண்டு சொல்லித்தான் வித்தவை, தங்கச்சி. ரெண்டு கோழி தாங்கோ, போதும்."

யானை எங்கள் அலுமாரியில் அழகாகத்தான் நிற்கிறது. இப்போதெல்லாம் கண்ணாடிச் சாமான் வாங்கப் போனால், விலை கேட்குமுன் இருவருமே தடவிப் பார்க்கிறோம்.