நோவாவின் நாற்காலி

"டாய்லெட் எல்லிதே?" என்று கன்னடத்தில் கேட்டார் அந்தப் பெரியவர். எதிரே நின்ற வெள்ளை ரோபோ நோவா தலையைச் சற்றே சாய்த்தது. இடது பக்கம் திரும்பி இரண்டாவது கதவு என்று நல்ல கன்னடத்தில் பதில் சொன்னது. பெரியவர் மெய்மறந்துபோய், வந்த அவசரத்தையும் மறந்து, போனை எடுத்து நோவாவைப் படம் பிடித்தார். பிறகுதான் இடது பக்கம் ஓடினார். நன்றி கின்றி எதுவும் இல்லை. ரோபோவுக்கு யார் நன்றி சொல்வார்கள்? இரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆள் சொன்னதுண்டு.

அந்தப் பதிலைச் சொன்னது நோவா இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், 'ஸ்டோர் ரூம்' என்று போர்டு மாட்டிய அறையில், ஹெட்செட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த டீனா. ஐம்பத்திரண்டு வயது, காக்ஸ் டவுன்காரி. அவள் பேசினால் சுவரைத் தாண்டும்போது அது இருபது வயதுப் பெண்ணின் இனிமையான குரலாக மாறிவிடும். ஏமாற்றுவதற்கென்று யாரும் திட்டம் போடவில்லை. நோவா லேபில் தானாகவே நன்றாகத்தான் பேசியது. எலெக்ட்ரானிக் சிட்டி லாபியில் கொண்டுவந்து நிறுத்தியதும்தான் வந்தது வினை. "மீட்டிங் ரூம் கிதர் பரத்தே, கொஞ்சம் சொல்றீங்களா" என்று ஒரே மூச்சில் நான்கு மொழியில் கேட்கிற ஊரில் பாவம் அது என்ன செய்யும்? திருதிருவென்று விழித்தது. டீனாவுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கடையில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது. அவள் தெருவில் காய்கறி விற்பவருக்கே இத்தனையும் தெரியும். கம்பெனி அதைத்தான் 'நான்கு மொழி நுண்ணறிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"மூணே மாசம் மேடம், அதுக்குள்ள சாஃப்ட்வேர் ரெடி ஆயிடும்" என்று சொல்லித்தான் ஹெச்.ஆர். கிஷோர் அவளை உட்கார வைத்தான். வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

டீனாவுக்கு இதில் ஆச்சரியமும் இல்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. பத்தொன்பது வயதில் ரெசிடென்சி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்தவள் அவள். சில வருடம் போனதும் ஊரே இரண்டாயிரம் இரண்டாயிரம் என்று ஜெபிக்க ஆரம்பித்தது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற கிளாரன்ஸ், கல்யாணத்தையே அந்த ஜனவரிக்குத் தள்ளிப்போட்டான். "ரெண்டாயிரத்துல எல்லாமே வேற மாதிரி இருக்கும், டீனா. நீ பட்டனைத் தட்டினா போதும்." ஜனவரியும் வந்தது. காக்ஸ் டவுன் குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது, எப்போதும்போல. மாறியது ஒன்றே ஒன்று. கம்பெனியில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று பேசும் மெஷின் வந்து டீனாவின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது.

அங்கிருந்து கால் சென்டர். அங்கேயும் ஒரு சுழல் நாற்காலி, ஒரு ஹெட்செட், அமெரிக்காவில் பிரிண்டர் வேலை செய்யாதவர்களின் வசவு. பிறகு 2020. அந்த வருடத்தை என்ன பாடு படுத்தினார்கள்! மகள் ஜெனிட்டாவின் பள்ளிச் சுவரில் ராக்கெட்டெல்லாம் வரைந்து '2020' என்று எழுதியிருந்தார்கள். அந்த வருடமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் போன கிளாரன்ஸை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை. பெட்டியைக்கூடத் திறக்க விடவில்லை. டீனா சமையலறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அழுத குரல் தெரியாமல், "ஹௌ மே ஐ ஹெல்ப் யூ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லோர் வாயிலும் 2030. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள், மகள் மட்டும் அதில் விழாமல் இருந்திருந்தால்.

ஜெனிட்டா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். கடைசி வருடம் முழுக்க நோவாவின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அதைப் பற்றியே ப்ராஜெக்ட்டும் செய்தவள். கையில் இரண்டு வேலைக் கடிதம். ஒன்று அத்திபெலேயில் பம்ப்செட்டுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்கிற ஃபேக்டரி. இன்னொன்று நோவாவின் கம்பெனி, 'உரையாடல் அனுபவப் பொறியாளர்' என்ற பெயரில். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

"உன் பில்டிங்கேதான் மம்மி. டெய்லி ஒண்ணா போயிட்டு ஒண்ணா வரலாம்" என்றாள் ஜெனிட்டா. அம்மா அதே கட்டடத்தில் ஏதோ ஏஜென்சியில் ஃபைல் பார்க்கிறாள் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"அத்திபெலே நல்ல ஃபேக்டரிதானே? கையால ஏதாச்சும் செய்வ."

"பம்ப்செட் மம்மி. 2030-ல போய் யாராச்சும் பம்ப்செட் பத்திப் பேசுவாங்களா? இங்க ஃபியூச்சரே லாபியில நின்னு வணக்கம் சொல்லுது."

டீனா இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். முந்தின வாரம் ஸ்டோர் ரூமுக்கு அடுத்த அறையில் அவள் கண்ணால் பார்த்ததை எப்படிச் சொல்வது? பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பத்து சுழல் நாற்காலிகள், பத்து ஹெட்செட்டுகள். "புதுசா பத்து நோவா வருது மேடம், பத்து ஊர் லாபியில நிக்கப் போகுது" என்று கிஷோர் பெருமையாகச் சொன்னான். சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் நான்காவது பெயர் ஜெனிட்டா கிளாரன்ஸ். உரையாடல் அனுபவமாவது, பொறியாளராவது! பெற்ற மகள் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டாய்லெட்டுக்கு வழி சொல்லப் போகிறாள். சொன்னால் வேலை போகும். அது போகட்டும், சனியன். ஆனால் அதைவிட அவளைத் தடுத்தது வெட்கம். மகள் கும்பிடுகிற அந்த ரோபோ நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

"இடுப்பு வலி எப்டி இருக்கு? நான் தெச்சுக் குடுத்த தலைகாணி வச்சுக்கிறியா?" என்று கேட்டாள் ஜெனிட்டா. பழைய பச்சைத் திரைச்சீலையில் அவளே தைத்துக் கொடுத்தது அது.

"வச்சுக்கிறேன்மா" என்றாள் டீனா. சொல்ல வந்ததை அன்றும் விழுங்கிவிட்டாள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸில் பூஜை. புதிதாகச் சேர்கிறவர்கள் வந்து நோவாவின் முன்னால் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கிஷோர் ஏற்பாடு செய்திருந்தான். ஜெனிட்டாவும் வரப்போவதால் டீனா லீவு கேட்டுப் பார்த்தாள். "இன்னிக்குப் போய் லீவா? பேஜார் பண்ணாதீங்க மேடம்" என்றுவிட்டான்.

காலையிலேயே ஹவுஸ்கீப்பிங் எத்திராஜ் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர், பிரிண்டர், லிஃப்ட், காபி மெஷின், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் நோவாவிடம் வந்தார். நோவாவின் முகத்தில் இரண்டு பெரிய கண்கள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அவை வெறும் படம். நிஜக் கேமரா நெற்றி நடுவில், சட்டைப் பொத்தான் அளவில் இருந்தது. பொட்டு வைக்கிற இடத்தில் போய்க் கேமராவை வைத்த புத்திசாலிகள் எவரோ, ஆயுத பூஜை என்று ஒரு நாள் வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

ஸ்டோர் ரூமில் டீனாவின் திரையில் எத்திராஜின் கட்டைவிரல் பெரிதாகி வந்தது. அதன் பிறகு மஞ்சள், அதன் மேல் சிவப்பு. அவ்வளவுதான்.

"ஐயோ ஆண்டவரே" என்றாள் டீனா, மைக்கை மூடிக்கொண்டு. கிஷோருக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அறையை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. வெளியே பூசணிக்காய் உடைபடும் சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது. பிறகு கிஷோரின் குரல், அதன் பின்னால் இளசுகளின் சிரிப்பு. அதில் ஒன்று ஜெனிட்டாவுடையது. அந்தச் சிரிப்பைத் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"நோவாகிட்ட ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுட்டு, அப்புறம் சைன் பண்ணலாம்" என்றான் கிஷோர்.

ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான். ஒருத்தி ஜோக் சொல்லச் சொன்னாள். கண் தெரியாவிட்டாலும் வாய் பழக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டு போனது. பிறகு ஜெனிட்டா, தமிழில், கொஞ்சம் செல்லமாக:

"நோவா, 2030-ல நீ எங்க இருப்ப?"

இந்தக் கேள்விக்குப் பதில் டீனாவின் மேஜையில் அட்டையாக ஒட்டியிருந்தது. நான் தினமும் கற்றுக்கொண்டு வருகிறேன், 2030-இல் உங்கள் வீட்டிலேயே இருப்பேன். நூறு முறையாவது படித்த பதில். டீனா அதைப் பார்த்தாள். பக்கத்து அறை நாற்காலிகளை நினைத்தாள். சிவப்புத் திரைக்கு அந்தப் பக்கம் மகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தாள். முப்பது வருடக் களைப்பு மொத்தமும் சேர்ந்து வந்தது. இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"இங்கயேதான் இருப்பேன்மா" என்றது நோவா, இருபது வயதுக் குரலில். "இதே நாற்காலியில. இடுப்புக்கு அந்தப் பச்சைத் தலைகாணிய வச்சுக்கிட்டு."

நோவாவுக்கு ஏது நாற்காலி, ஏது இடுப்பு? எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "ஹ்யூமர் மோட்" என்று கிஷோரும் கூடச் சிரித்தான், ஒரு நொடி தாமதமாக.

ஜெனிட்டாவின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

டீனா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. குரலும் கிட்டே வந்தது, தாழ்ந்து.

"உனக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியலம்மா. குங்குமம் வச்சுட்டாங்க."

திரையில் துப்பட்டாவின் நூல் தெரிந்தது. ஒருமுறை துடைத்தாள், இருமுறை துடைத்தாள். சிவப்பு இழுபட்டு மெல்ல மெல்ல விலக, மகளின் முகம் திரை முழுக்க நிறைந்தது. கண்கள் இரண்டும் குளமாகியிருந்தன. படக் கண்களை விட்டுவிட்டு நெற்றியைத்தான் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு விடுவாங்க?"

"ஆறு மணிக்கு."

"பஸ் ஸ்டாப்புல இருக்கேன்."

"ஆறு மணியாவது? நோவாவுக்கு டூட்டி டைமே கிடையாது" என்று கிஷோர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "ஆனா பாத்தீங்கல்ல, எவ்ளோ மனுஷங்க மாதிரியே பேசுது." ஜெனிட்டா கையெழுத்துப் போடாத காகிதத்தை அவன் கையில் கொடுத்தாள். "நான் வரல சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். டீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்குக் கிஷோர் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து, "லீவு முடிஞ்சு வந்ததும் என்னைப் பாருங்க மேடம்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தலைகாணியை எடுத்துப் பைக்குள் அமுக்கிக்கொண்டாள். வாசலில் எத்திராஜ் ஒரு பொட்டலம் பொரியை நீட்டினார். அதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் ஜெனிட்டா நின்றிருந்தாள். துப்பட்டா முனை சிவப்பாகவே இருந்தது. சிவாஜிநகர் பஸ் வந்தது. பின்பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பொரிப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு ஜெனிட்டாதான் ஆரம்பித்தாள்.

"அத்திபெலேக்கு ஃபோன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்றாங்க."

"ம்."

"ஏன் மம்மி சொல்லல?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ அதைப் பத்திப் பேசறப்ப உன் மொகம் எப்டி இருக்கும் தெரியுமா?"

ஜெனிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேம்பாலத் தூண்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு தூணில் 2030 என்று ஏதோ விளம்பரம் இருந்தது.

"இன்டர்வியூவுக்கு வந்த அன்னிக்கு நானும் அதுகிட்ட டாய்லெட் எங்கன்னு கேட்டேன். அதுவும் நீதானா?"

"நான்தான். பயத்துல உனக்கு வேர்த்துக் கொட்டிட்டு இருந்துச்சு. இடது பக்கம்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"தாங்க்யூ சொன்ன" என்றாள் டீனா. "ரெண்டு வருஷத்துல நீ ஒருத்திதான் சொன்ன."