இரண்டு அடைக்கலங்கள்

அடுத்தவர் பெருமையைப் பிழையில்லாமல் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, புனேயின் கலைஞர்கள், கல்வியாளர்கள் பற்றிய தொகுப்பு நூல் தயாரிக்கிறோம். பெயர்ப் பட்டியலோடு மல்லுக்கட்டும் சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும். முதல் சம்பவம் மட்டும் நான் பார்த்ததல்ல. டீ நேரத்தில் சொல்லக் கேட்டது.

விட்டுப்போன உறவு

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர், ஒரே அபூர்வமான குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிற்பியையும் ஒரு கல்லூரி முதல்வரையும் தனித்தனியே எழுதிவிட்டாராம். இருவரும் அப்பா, மகன். அவரது வேலைக்கு உலை வைத்தது, புத்தகத்தோடு நேரில் வந்த முதல்வரின் கேள்வி: “எங்க அப்பாவை எனக்கு யாரோ ஆக்கிட்டீங்களே?”

கண்டுபிடித்த உறவு

அதிலிருந்து எங்கள் மராத்திக்கார எடிட்டர் மேடம் ஒரு விதி வைத்தார்: அபூர்வமான குடும்பப் பெயர் இரண்டு முறை வந்தால் உறவைக் குறிப்பிட வேண்டும். எனக்கோ ஆறு மாதத் தகுதிகாண் காலம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதால், வேலை போய்விடுமோ என்ற பயம் கூடவே இருந்தது.

விஷ்ராந்த்வாடியில் ஓவியர் ஜேக்கப் அடைக்கலம். வானவடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ரீட்டா அடைக்கலம். எங்கள் பட்டியலில் மூன்றாவது அடைக்கலம் கிடையாது. வயதைப் பார்த்து, ‘ஓவியரின் தங்கை’ என்று நானே சேர்த்தேன். எல்லோரையும் குடும்பப் பெயரால் மட்டுமே கூப்பிடும் மேடம் மெச்சினார்: “சபாஷ், முருகேசன்!”

வானவடியிலிருந்து போன்

சரிபார்க்க அனுப்பிய பக்கத்தைப் படித்துவிட்டு ரீட்டா டீச்சர் கூப்பிட்டார்.

“வனிதா முருகேசனா? தமிழ்ப் பிள்ளையா நீ?”

“ஆமா, டீச்சர்.”

“முருகேசன் யாரு?”

“எங்க அப்பா.”

“அடைக்கலம்ங்கிறது எங்க அப்பா பேரும்மா. அந்த ஓவியருக்கு அவரோட அப்பா பேரா இருக்கும். ஊர்ல உள்ள பிள்ளையையெல்லாம் எங்க அப்பா கணக்குல எழுதாதே. எங்க அம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்க!”

ஒப்புக்கொண்டது

அன்று மாலை பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். சத்தமில்லாமல் அந்த வரியை எடுத்திருக்கலாம், மனம் கேட்கவில்லை. தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் நிற்கும், அது தெரிந்தும் தவறு செய்தேன் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ இத்தனை மாசமா நான் உங்க அப்பாவையா அதட்டிக்கிட்டு இருந்தேன்?”

டீச்சர் சொன்னது சரிதான் என்று ஓவியரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பிறகு வந்த என் பணி நிரந்தரக் கடிதத்தையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், அது ‘அன்புள்ள முருகேசன்’ என்றுதான் தொடங்குகிறது, ஆக ராணுவத் தளவாட ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு மகர்பட்டாவில் மறுபடி வேலை கிடைத்திருக்கிறது.