முதல் வருடத்து மார்க்

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். படிப்பு ஐந்தாவது வரைதான். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தவை சைஸ் எழுத்துகள். எஸ், எம், எல், எக்ஸ்.

மகள் தெற்கே எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் அரசு கல்லூரியில் கணிதம் படித்தாள். விடுதியில் தங்கியிருந்தாள். முதல் வருடம் இரண்டு பரீட்சையிலும் வகுப்பில் அவள்தான் முதல். மார்க் சீட்டைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். வரிசையாக ஓ, ஓ, ஓ என்று இருந்தது. டீ நேரத்தில் கம்பெனியில் காட்டினேன்.

"என்னங்க மாஸ்டர், புள்ள வரிசையா முட்டை வாங்கியிருக்குது?" என்றார் ஒரு டெய்லர்.

"அதுதான் இருக்கதுலயே பெரிய மார்க்காம்" என்றேன்.

படிப்பு முடியும்போது யுனிவர்சிடி ராங்க் வாங்குவேன் என்று சொல்லியிருந்தாள். எதற்கும் ஆசைப்படாத பிள்ளை. அது ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டாள்.

முதல் வருடம் முடிந்த லீவில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு மாதம் குடம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்குத் தினமும் ஓவர்டைம். மகளிடம் சொன்னேன்.

"இங்கன வந்து படி தாயி. காலேஜ் எங்க இருந்தா என்ன, படிப்பு ஒண்ணுதான."

"அவ அங்கனயே இருக்கட்டும்ங்க. நான் பாத்துக்கிடுவேன்" என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. மகளும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "மார்க்கெல்லாம் என்னாகும்னு விசாரிச்சிட்டு முடிவு பண்ணலாம்ப்பா" என்றாள்.

"டிசி வாங்கினா மார்க்கும் கூடவே வரும்" என்றேன். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இங்கே வேறு யுனிவர்சிடி. இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இங்கே முதல் வருடம் நடத்திய இரண்டு பாடம் அங்கே இல்லையாம். அதைத் தனியாகப் படித்து எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் ஐந்து பரீட்சை எழுதினால் இவள் ஏழு. காலையில் தண்ணீர், சோறு, அம்மாவுக்கு மாத்திரை. அப்புறம் பஸ். அப்படியும் ஓ வாங்கினாள்.

மனைவி மூன்றாம் மாதமே நன்றாக நடமாடினாள். பொங்கலுக்கு முன்பே வேலைக்கும் போய்விட்டாள். மகளைத் திருப்பி அனுப்பத்தான் வழியில்லை.

கடைசிப் பரீட்சை முடிவு வந்தது. அவளைவிட அதிக மார்க் யாருக்கும் இல்லை என்று கூடப் படித்தவர்களே சொன்னார்கள். ராங்க் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"விட்டுப்போச்சு போல. வந்து கேளுங்கப்பா" என்றாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கல்லூரி ஆபீசில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்கண்ணா. தப்பு ஒண்ணும் நடக்கலீங்க. ராங்க்குன்னா மூணு வருசமும் இதே யுனிவர்சிடில படிச்சிருக்கோணும். அங்க போட்ட மார்க்கு வேற, இங்க போடற மார்க்கு வேற. ரெண்டையும் ஒண்ணாச் சேத்தி ராங்க் போட முடியாதுங்களே. புரியுதுங்களா?"

புரிந்தது. எங்கள் வேலையில் ஒரே கலர் துணியாக இருந்தாலும், சாயப்பட்டறையில் வேறு வேறு நாள் சாயம் ஏற்றியிருந்தால் அது வேறு லாட். இரண்டு லாட்டை ஒன்றாக விரித்து வெட்ட மாட்டேன். வெட்டினால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகத் தெரியும். இருபது வருடமாக லாட் பார்த்துப் பிரித்து வைக்கிறவன் நான்.

"புரியுதும்மா" என்று எழுந்து வந்தேன்.

மகள் படிக்கட்டில் நின்றிருந்தாள். "அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ரூல்ஸாம் தாயி."

"நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன்ப்பா."

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

பட்டமளிப்புக்கு அவள் போகவில்லை. மூன்று வருடத்துக்கும் சேர்த்து மார்க் சீட்டு தபாலில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முதல் வருடத்துப் பாடங்களுக்கு நேரே மார்க் இல்லை. கோடு போட்டிருந்தது. கோட்டைப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம்.

அவளிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இந்த ஒரு வருசம் நான் எங்கப்பா போயிருந்தேன்?" என்று சிரித்தாள். அவள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஓ, ஓ, ஓ என்று இருந்த அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.