தேங்காயெண்ணெயில் உறைந்த ட்ரோன்

பெரிய மோட்டர் கழற்றுகிறவனுக்கு இடுப்பு போகும், சின்ன மோட்டர் கழற்றுகிறவனுக்குக் கண் போகும். இரண்டையும் கழற்றிய எனக்கு என்னென்ன போயிற்று என்று இந்தத் தொழிலில் உள்ள உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டையில் மின்விசிறி, தையல் மெஷின், மா அரைக்கும் மெஷின் என்று காலம் தள்ளியவன் நான். ஆட்களோடு பேசுவதைவிட மோட்டரோடு இருப்பது எனக்குச் சுலபம். ட்ரோன் மட்டும் என் மேசைக்கு வந்ததில்லை, நசார் வரும்வரை.

நுளம்புக்கு வைத்தியம்

நசாருக்குத் திகனயில் இரும்புச் சாமான் கடை. பொழுதுபோக்குக்கு வாங்கிய ட்ரோனை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். காலையில் ஏற்றினால் இரைகிறது, படம் நடுங்குகிறது என்றார். விளையாட்டுச் சாமான்தானே, அவசரமில்லாமல் ஆறுதலாகச் செய்யலாமா என்று கேட்டேன். ஆகாது என்றார்.

அவருடைய வாப்பா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். எலும்பு பொருந்திவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் எழும்ப மாட்டேன் என்கிறார். மேட்டில் இருக்கும் தன்னுடைய மிளகு, கராம்புத் தோட்டத்தைப் பார்த்தாலாவது மனம் வரும் என்று மகன் ட்ரோனை ஏற்றி ஃபோனில் காட்டியிருக்கிறார். ஆடுகிற படத்தைப் பார்த்துத் தலை சுற்றி, வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

என் கடையின் மறு பாதியில் சுனில் கைக்கடிகாரம் திருத்துகிறார். சிங்களத்தில் பேசுவார், கிண்டலுக்கு மட்டும் தமிழ். கொசுவைப்போலக் குட்டியான, பெருவிரல் நுனியளவு மோட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபேன் பாஸ் இப்ப நுளம்புக்கு வைத்தியம் பாக்குறார்!"

தலைக்கு நல்லது

பகலில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு மோட்டரும் ஒழுங்காகச் சுற்றின. கடைக்கு வந்ததும் பழுது ஒளிந்துகொள்ளும் வேடிக்கை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் நசார் பொய் சொல்லும் ஆளில்லை. காலையில்தான் பழுது என்றால் காலையில்தான் பார்க்க வேண்டும். ட்ரோனை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய், மறுநாள் வெயில் ஏறும் முன்பே கடையைத் திறந்தேன். மார்கழிக் குளிர். விரலால் சுற்றினால் மோட்டர் இழுத்துப் பிடித்தது.

கழற்றிப் பார்த்தால் பேரிங்குகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்! சத்தம் குறையட்டும் என்று நசார் நான்கு மோட்டருக்கும் விட்டிருக்கிறார். போத்தலில் உறைகிற எண்ணெய் பேரிங்கில் மட்டும் உறையாதா? பகலில் உருகி, புழுதியைச் சேர்த்துக்கொண்டு, காலையில் மறுபடி உறைந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது நசாருக்குக் கோபமே வந்துவிட்டது: "தலைக்குப் போடுறோம், கதவுக்குப் போடுறோம், சைக்கிளுக்கும் போடுறோம். இதுக்கு மட்டும் என்ன பாஸ் பெரும?"

கள்ளன்

ஒரு மோட்டரின் தண்டு வளைந்திருந்ததால் அதை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. மற்ற மூன்றுக்கும் மேலொன்று கீழொன்றாக ஆறு பேரிங். பழையதை எடுப்பது பெரிதில்லை; புதியதை அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் பாரம் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் பூட்டும்போதே அது பழசாகிவிடும். ஆறில் ஒன்றையும் நான் கெடுக்கவில்லை.

கெடுக்கவில்லை, ஆனால் தொலைத்தேன். தண்டின் அடியைப் பிடித்திருக்கும் கிளிப் அரிசிக் குறுணையளவுதான். கழற்றுகிற சாமானையெல்லாம் வெள்ளைப் பீங்கானில் வரிசையாக வைத்து எண்ணுவது என் வழக்கம். மூன்று கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு! மேசைக்கடியில் முழங்காலில் தவழ்ந்தேன். சுனில் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையைக் கூட்டினார். அரை நாள் போயிற்று. கடைசியில் என் திருப்புளியைப் பார்த்துச் சிரித்தார். அதன் நுனியில் காந்தம் உண்டு. கிளிப் அதில் ஒட்டிக்கொண்டு, நான் தேடிய இடமெல்லாம் என்னோடுதான் வந்திருக்கிறது. சுனில் சொன்னார்: "பாஸ், கள்ளன் உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தான் கள்ளனத் தேடியிருக்கான்!"

குடும்ப விசயம்

மின்விசிறிக்காரனுக்குச் சுற்றுவதென்றால் ஒரே பக்கம்தான். அந்தப் பழக்கத்தில் புது மோட்டரையும் அருகிலிருந்த மோட்டரைப் பார்த்து அதே பக்கம் சுற்றும்படி ஈயம் வைத்து ஒட்டிவிட்டேன். நல்லவேளையாக இறக்கை பூட்டவில்லை. பூட்டியிருந்தால் மேசையிலேயே கரணம் போட்டிருக்கும். ட்ரோனில் மூலைக்கு மூலை எதிரெதிராக இருக்கும் இரண்டும் ஒரு பக்கம், மற்ற இரண்டும் மறு பக்கம் சுற்ற வேண்டும். மூன்று வயரில் இரண்டை மாற்றி ஒட்டினேன், சரியாயிற்று. சுனிலுக்கு விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டார்: "நம்ம வீட்டிலயும் அப்பிடித்தான் பாஸ், ரெண்டு பேர் இந்தப் பக்கம், ரெண்டு பேர் அந்தப் பக்கம். பறக்கிறது மட்டும் இல்ல."

சுவர்ப் பக்கம்

பறக்கவிடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று நசார் ஒரு காலையில் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். வாப்பாவின் கட்டிலருகில் நான் உட்கார ஒரு கதிரை போட்டார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் சுவரைப் பார்த்தேன். நசார் முற்றத்திலிருந்து ட்ரோனை ஏற்றினார். எனக்குக் காதுதான் கண். தடுமாற்றமில்லாத ஒரே சுருதி. அந்தக் குளிரிலும் அப்படிக் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

"வாப்பா, இப்ப ஆடல்ல, பாருங்களேன்" என்று நசாரின் மனைவி ஃபோனை நீட்டினார். கிழவர் வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். படம் சுவரில் மாட்டியதுபோல நின்றது. மிளகுக் கொடிகள் தெரிந்தன, இலைகூடத் தெரிந்தது. பிறகு கராம்பு மரங்கள். அவர் ஃபோனைக் கையில் வாங்கினார். "கொஞ்சம் கீழே எறக்கச் சொல்லுங்க" என்றார். இன்னும் கீழே. அப்புறம் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றினார். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். காலைத் தரையில் வைத்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "நசார்! மேல் மூலை மரத்துல கொப்பு முறிஞ்சீக்கிது, எவனோ ஏறிக் கராம்புப் பூப் பறிச்சீக்கிறான்! என்ட செருப்பு எங்க?"

இப்போது தினமும் கைத்தடியோடு மேடு வரை போய், தோட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வாப்பா மகனை ஏசுவதாகக் கேள்வி; ஆறு பேரிங்கும் ஒரு மோட்டரும் மாற்றிய வேலைக்கு இதுவரை என்னிடம் வந்த ஒரே முறைப்பாடு, படம் அளவுக்கு மிஞ்சித் தெளிவாக இருக்கிறது என்று நசார் சொன்னதுதான்.