பந்துக்கு வந்த தவக்காலம்

போன வாரம் திண்டிவனத்தில் பஸ் ஏறிய ஒரு பையன், வலைப்பையில் இருந்த கால்பந்தைத் தன் அம்மா மடியில் வைத்தான். அதுவரை அந்த மடியில் உட்கார்ந்திருந்த சிறுமி எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தப் பந்தை ஜன்னல் வழியே வீசிவிடலாமா என்றிருந்தது எனக்கு. நாற்பதை நெருங்குகிற வயதில் இப்படித் தோன்றுவது அழகில்லைதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு பந்து இருந்தது. ஈரத் தோலும் சேறுமாக நாறும். தம்பி அருளுக்கு அந்த நாற்றம் இல்லாமல் தூக்கம் வராது. ஓடுகிற பிள்ளை என்று அவனுக்குத் தினம் ஒரு முட்டை. அதையாவது மன்னிக்கலாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை பார்த்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை சைக்கிள் கேரியரில் வைத்து போண்டா வாங்கித்தரக் கூட்டிப்போவார். வாரத்தில் அவர் எனக்கே எனக்கென்று கிடைப்பது அந்த ஒரு மணி நேரம். அருள் பள்ளி டீமில் சேர்ந்தான். மேட்ச் என்று ஞாயிறுதோறும் அந்த கேரியரில் அவன் ஏறிக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது, வேறென்ன.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, அந்த நாற்பது நாளுக்கு எதை விடுகிறோம் என்று ஒவ்வொருவரும் ஜெபத்தில் சத்தமாகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் சொன்னதுதான், ஈஸ்டர் வரை மாற்றமில்லை. அந்த வருடம் ஜெப நேரத்துக்கு அருள் பிராக்டிஸிலிருந்து வந்து சேரவில்லை. அவன் எதை விடுகிறானாம் என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"பந்து விளையாடறத விடறேன்னு சொன்னாம்மா," என்றேன்.

அம்மா கண் கலங்கிவிட்டாள். அவன் வருவதற்குள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று. வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பந்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கைகால் கழுவப் போனான். விழுப்புரத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தது அந்த நாற்பது நாளுக்குள்தான். அவன் போகவில்லை. அடுத்த வருடம் போனான், எடுக்கவில்லை.

கேரியர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அப்பா போகும் வழியெல்லாம் ரோட்டைப் பார்த்தே மிதித்தார். போண்டா தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரண்டு தின்றேன்.

பிறகு அருள் துபாய்க்குப் போனான். அவன் ஆடிய மைதானத்தில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். அப்பா இறந்தபோது வந்தவனிடம், அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும்க்கா. அப்பாவுக்கும் தெரியும். நானும் அவரும் பேசிக்கினோம். சின்னப் பொண்ணு, விடு, அவகிட்ட ஒண்ணும் கேக்காதன்னுட்டாரு," என்றான்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவர்கள் அதை எங்கே உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். என்னை மன்னித்ததைக்கூட அப்பா அவனிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.